கயாக் ஓட்டும்போது முதுகுப் பக்க வானத்தையும் பாருங்கள்

சென்னைக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். ஓரமாகக் கடலில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டப் புதிதாக வருகிறவர்களிடம் "வானிலை பார்த்தீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "இன்னைக்கு மழை இல்லைன்னு போட்டிருக்கு" என்றுதான் பதில் வரும். மழை பெரிய விஷயமே இல்லை. எப்படியும் நனையத்தான் போகிறோம். நம்மைக் கரைக்குத் திரும்பவிடாமல் செய்வது காற்று. உயிரை எடுப்பது மின்னல். நம் கிழக்குக் கரையில் இவை இரண்டும் வருடத்தில் பல மாதங்கள் கடல் பக்கமிருந்து வருவதில்லை. நமக்குப் பின்னால், ஊர்ப் பக்கமிருந்து வருகின்றன. நாமோ கடலைப் பார்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருப்போம்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு ஜூன் மாதக் காலையில். ஆறு மணிக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஒரு கிலோமீட்டர் உள்ளே போனேன். கயாக் தானாக ஓடுவது போல இருந்தது. நன்றாகப் பழகிவிட்டோம் என்று நினைத்தேன். கரைக்குத் திருப்பிய பிறகுதான் முகத்தில் காற்று அடித்தது. அதுவரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது அதுதான். ஒன்றேகால் மணி நேரம் துடுப்புப் போட்டும் கரையில் இருந்த பனைமரங்கள் பெரிதாகவே இல்லை. வலை எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு ஃபைபர் படகில் இருந்த அண்ணன் கயிறு வீசி இழுத்து வந்தார். "கச்சான் எழும்புற நேரம் தம்பி இது, யாரைக் கேட்டு இறங்குனே?" என்றார். கச்சான் என்று அவர் சொன்னது மேற்குக் காற்றை. நான் யாரையும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனவற்றைப் பற்றியது. கடலில் பத்து தடவைக்கும் குறைவாக இறங்கியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் திசை, அப்புறம்தான் வேகம்

காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்து. மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. கைப்பேசியில் அம்புக்குறி கிழக்கு நோக்கி இருக்கும். அதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். மீனவர்கள் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், வடக்கிலிருந்து வருவதை வாடை, தெற்கிலிருந்து வருவதைச் சோழகம் என்பார்கள். ஊருக்கு ஊர் சற்று முன்பின் இருக்கும். இந்த நான்கு சொற்களையும் மனதில் வைத்துக்கொண்டால் கரையில் நடக்கும் பேச்சு புரியும்.

கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று அலையைக் கிளப்பும், பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் துடுப்பு கைவிட்டுப் போனாலும் அது நம்மைக் கரைக்குத்தான் தள்ளும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று இதற்கு நேர்மாறு. கரையோரத்தில் அது அலையை எழுப்புவதில்லை, ஏனென்றால் அலை வளர அதற்கு அங்கே தூரம் கிடைப்பதில்லை. தண்ணீர் அமைதியாக, வா என்று கூப்பிடுவது போலக் கிடக்கும். அரைக் கிலோமீட்டர் உள்ளே போனால் சிற்றலை, ஒரு கிலோமீட்டரில் நுரை. புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த 'அமைதியான' நாட்களில்தான்.

ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணைக் கடலைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கரையில் அலை இரைந்துகொண்டிருக்கும். தீவைக் கடந்து வடக்குக் கரைக்கு வந்தால் தண்ணீர் தட்டையாக இருக்கும். ஆனால் அந்தத் தட்டையான தண்ணீரின் மேல் வீசுவதும் அதே காற்றுதான், அங்கே அது கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூட இருக்காது. அதனால் காற்று ஏறியதும் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து எழும். கயாக்குக்கு அது மிகவும் கஷ்டமான அலை.

வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். புதியவர் ஒருவர் நிதானமாக ஓட்டினால் மணிக்கு 4 கி.மீ. போவார். எதிர்காற்று அதில் பாதியைத் தின்றுவிட்டால், 15 நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிவர அரை மணி ஆகும். களைத்துப்போய்ப் பத்து நிமிடம் கையைக் கட்டி உட்கார்ந்தால், காற்று மணிக்கு 2 கி.மீ. வீதம் தள்ளினாலும் 300 மீட்டருக்கு மேல் பின்னால் போய்விடுவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம் மேல் காட்டும் விசை நான்கு மடங்காகும். "நேத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்" என்று நினைப்பது அதனால்தான் தவறு.

எந்த மாதத்தில் எங்கே பார்ப்பது

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே பாருங்கள். இரவில் தரையோரக் காற்று அடங்கி இருக்கும், மேலே மேற்குக் காற்று பலமாக ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலக்கும். மேலே இருந்த வேகம் கீழே இறங்கும். ஆறு மணிக்கு ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு எட்டு, எட்டரைக்குத் திடீரென்று கச்சான் எழும்புவதற்கு இதுதான் காரணம். நண்பகலுக்குப் பின் அது தளர்ந்து கடற்காற்று உள்ளே வரும். மாலையில் உள்மாவட்டங்களில் கட்டிய இடிமேகங்கள் காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கமிருந்து கடற்கரையை நோக்கி நகரும். எனவே இந்த மாதங்களில் விடியலில் இறங்கி எட்டு மணிக்குள் கரையேறிவிடுங்கள். மாலையில் கடலே வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாம் தலைகீழ். மழைக்கூட்டம் வங்கக் கடலிலிருந்து, கிழக்கு அல்லது வடகிழக்கிலிருந்து வரும், அதுவும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் அதிகம். பாட்டிமார் ஈசானி மூலையைப் பார்ப்பது இந்தப் பருவத்துக்குச் சரியான வழக்கம். பழகும்வரை இந்த மூன்று மாதமும் கடலை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஜனவரிக்குப் பின் வாடை மெல்லத் தணியும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் புதியவர்களுக்கு நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் காலை நன்றாக இருக்கும், முற்பகலிலேயே தென்கிழக்குக் கடற்காற்று ஏறிவிடும்.

தென்கோடியில் இன்னொன்று உண்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரைகளில் காற்றே இல்லாமல், வானம் நீலமாக இருக்கும்போதே பேரலை வரும். ஆயிரக்கணக்கான கி.மீ. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயற்காற்று கிளப்பிய அலை அது. கள்ளக்கடல் என்பது கேரள மீனவர்கள் கொடுத்த பெயர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தது இப்படி ஒரு எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில்தான். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை எச்சரிக்கையைப் படித்தால்தான் தெரியும்.

முந்தின இரவு

முதலில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் படியுங்கள். "மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும்" என்ற வரி உங்கள் கடற்பகுதிக்கு இருந்தால், கயாக்கைக் கட்டிய இடத்திலேயே விட்டுவிடுங்கள். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தாலும் அப்படியே, அது 1-ம் எண் கூண்டாக இருந்தாலும் சரி. தொலைவில்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். 2017-இல் ஒக்கி, நவம்பர் 29 காலை இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் காலை குமரிக்கடலில் புயலாகவே மாறிவிட்டது.

அப்புறம் விண்டி போன்ற ஒரு செயலியில் உங்கள் கடற்கரையை வைத்து, மணிவாரியாகக் காற்றைப் பாருங்கள். நாட் கணக்கில் காட்டினால், 1 நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. சராசரி வேகத்தோடு, இடையிடையே வரும் வீச்சின் வேகத்தையும் பாருங்கள். கயாக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த வீச்சுதான். ஒரே செயலியில் இரண்டு மூன்று கணிப்பு முறைகள் இருக்கும். அவை ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். ஒன்று 8 நாட், இன்னொன்று 16 நாட் என்றால் நாளைய காற்று இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பொருள், 16 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு நான் வைத்திருக்கும் எல்லை இது: கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று 10 நாட்டுக்கு மேல் என்றால் போகாதீர்கள். கரையிலிருந்து கடலுக்கு என்றால் 6 நாட்டுக்கு மேலேயே வேண்டாம்.

காற்றழுத்தம் குறைந்தால் அலாரம் அடிக்கும் கைக்கடிகாரங்களைச் சிலர் வாங்கி வருகிறார்கள். குளிர்நாடுகளில் அது உதவும். நம் ஊரில் காற்றழுத்தம் வானிலை மாறாமலே தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்து மணியை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிற்பகலில் சில மில்லிபார் குறையும். அந்தப் பணத்துக்கு நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள்.

கரையில் பத்து நிமிடம்

கயாக்கை இறக்குவதற்கு முன் கரையில் சும்மா நில்லுங்கள். முதலில் கடலுக்கு முதுகு காட்டி நின்று மேற்கு வானத்தைப் பாருங்கள். கடலை அப்புறம் பார்க்கலாம். கைப்பேசியில் வானிலை மையத்தின் ரேடார் படத்தைத் திறந்து, சில படங்களை அடுத்தடுத்துப் பார்த்து, மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடியுங்கள். காஞ்சிபுரத்துக்கு மேல் இருக்கும் மழை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கிழக்கே வந்தால், 60 கி.மீ. தொலைவில் இருக்கும் கோவளத்துக்கு இரண்டு மணி நேரத்தில் வரும். நடுவில் புதிய மேகம் கட்டினால் அதற்கும் முன்பே. மின்னலுக்குத் தாமினி செயலி இருக்கிறது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, நம்மைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டங்களில் மின்னல் விழுவதைக் காட்டும்.

பிறகு கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள். "போகலாமாண்ணே?" என்று கேட்காதீர்கள், அவர் தன் படகையும் தன் அனுபவத்தையும் வைத்துப் போகலாம் என்றுதான் சொல்வார். "காத்து எந்நேரம் மாறும்ணே, எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று கேளுங்கள். "எட்டரைக்கு மேல கச்சான் தம்பி, அதுக்குள்ள வந்துடு" என்பது போன்ற பதில் கிடைக்கும். அந்தப் பதில் எந்தச் செயலியிலும் இல்லை.

கடைசியாக, கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பேசியை நீர்புகா உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் முன்கூட்டியே சேமித்து வையுங்கள், ஈரக் கையோடு தேடிக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீரில்

இறங்கியதும் முதல் வேலை, காற்றுக்கு எதிராகக் கிளம்புவது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றைத் தாண்டிவிட்டால் திரும்பும்போது அது நம்மைத் தள்ளிவரும். காற்று கரையிலிருந்து வந்தால் நேராக உள்ளே போகாமல், கரையை ஒட்டி, நூறு மீட்டருக்குள் வடக்கு தெற்காக ஓட்டுங்கள்.

அடுத்தது, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துடுப்பை மடியில் வைத்து, முழுச் சுற்றுப் பார்ப்பது. கயாக்கையே ஒரு வட்டம் திருப்பிவிடுங்கள். கழுத்தை மட்டும் திருப்பினால் பின்பக்கம் பாதிதான் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் கயாக் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் பாருங்கள். கரையில் ஒரு பனைமரமும் அதற்குப் பின்னால் ஒரு செல்போன் கோபுரமும் ஒரே கோட்டில் இருக்குமாறு வைத்துக்கொண்டால், அந்தக் கோடு விலகும் விதத்திலிருந்து காற்றும் நீரோட்டமும் உங்களை எங்கே கொண்டுபோகின்றன என்று தெரியும்.

என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும்? அலை முகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுரை பூத்தால் காற்று 7 முதல் 10 நாட்டுக்குள் வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 11-ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் கரையில் இருந்திருக்க வேண்டிய நேரம் அது. நுரை தெரிவதற்கும் முன்னால் தண்ணீரின் நிறம் மாறும். தூரத்தில் கருத்த பட்டை ஒன்று நம்மை நோக்கி நகர்ந்தால், அது அந்த இடத்தில் காற்று தண்ணீரைச் சுருக்கி வருவது. பட்டை வந்து சேர்வதற்குள் கயாக்கின் மூக்கை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள்.

வானத்தில் பஞ்சுப்பொதி மேகம் பரவாயில்லை. அதே மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே குவிந்து, அகலத்தைவிட உயரம் அதிகமாகி, அடி கருத்தால் கவனியுங்கள். உச்சி பரந்து பட்டறைக்கல் போல ஒரு பக்கம் நீண்டுவிட்டால் அது முழு இடிமேகம்.

ஆனால் இவற்றையெல்லாம்விட நான் நம்புவது ஒரு வாசனையை. புழுக்கமான வேளையில், கடலில் இருக்கும்போது, நிலத்துப் பக்கமிருந்து சட்டென்று சில்லென்ற காற்றும் அதோடு மண்வாசனையும் வந்தால், உள்ளே எங்கோ மழை கொட்டி, அந்தக் குளிர்ந்த காற்று தரையில் பரவி நம்மிடம் வந்துவிட்டது என்று பொருள். அதன் பின்னால் சூறை வர அதிக நேரம் ஆகாது. மழைத்துளி விழும்வரை காத்திருக்காதீர்கள். சூறை பெரும்பாலும் மழைக்கு முன்னால் வரும். கடற்காற்று திடீரென்று நின்று, எல்லாம் அசையாமல் போவதும் இதே எச்சரிக்கைதான்.

மீன்பிடிப் படகுகள் வழக்கத்துக்கு முன்பே வரிசையாகக் கரை திரும்பினால், காரணம் தெரியாவிட்டாலும் நீங்களும் திரும்புங்கள்.

இடி கேட்டால்

ஒரு இடி கேட்டாலே கரைக்குத் திரும்ப வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 3 வினாடி என்றால் 1 கி.மீ. தூரம், 30 வினாடி என்றால் 10 கி.மீ. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கி.மீ. தள்ளியும் மின்னல் விழும் என்பதால், எண்ணிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று இருக்க வேண்டாம். தட்டையான கடலில் உயரமாக நிற்பது நம் தலையும் துடுப்பும்தான். கார்பன் ஃபைபர் துடுப்பு மின்சாரத்தைக் கடத்தும், அதைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

கரையேறிய பின் பனைமரத்தடியிலும் சவுக்குத் தோப்பிலும் ஒதுங்குவது நம்மூர் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓலைக்கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. கான்கிரீட் கட்டிடம் வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியை ஏற்றிய கார். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி தண்ணீர்.

காற்று பிடித்துவிட்டது, கரை இன்னும் தூரம்

கிளம்பிய இடத்துக்கே போக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். எந்தக் கரை எளிதில் கிடைக்குமோ அங்கே போங்கள். கயாக்கை அப்புறம் ஆட்டோவில் எடுத்து வரலாம்.

எதிர்காற்றில் துடுப்பைத் தாழ்வாகப் பிடித்து, குட்டையாக, விடாமல் போடுங்கள். வேகமாக அடித்து ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டால், பிடித்த தூரமெல்லாம் போய்விடும். இரண்டு மூன்று பேர் இருந்தால் சேர்ந்தே போங்கள், யாரும் முந்த வேண்டாம். காற்று மிக அதிகமாகி ஓட்டவே முடியவில்லை என்றால் கயாக்குகளைப் பக்கம் பக்கமாக ஒட்டவைத்து, ஒருவர் கயாக்கை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். இப்படிச் சேர்ந்த கயாக்குகள் எளிதில் கவிழாது. ஆனால் மின்னலும் இருந்தால் ஒட்டி நிற்காமல் இடைவெளி விட்டுக் குனிந்து உட்காருவதே நல்லது. இடிமேகச் சூறையின் கடும் வேகம் பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும், அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாங்கினால் போதும்.

கவிழ்ந்துவிட்டால் கயாக்கை விடாதீர்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தக் கிளம்பாதீர்கள். தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு நீர்மட்டத்தில் இருக்கும் ஒரு தலை தெரியாது. மஞ்சள் கயாக் தெரியும். விசில் ஊதுங்கள். உதவி கேட்கத் தயங்காதீர்கள், நிலைமை முற்றுவதற்கு முன்பே 1554-ஐ அழையுங்கள்.

கழிமுகமும் அலையாத்திக் காடும்

கடல் வேண்டாம் என்று முட்டுக்காடு, பிச்சாவரம், காரங்காடு போன்ற இடங்களில் தொடங்குவது நல்ல முடிவு. ஆனால் பிச்சாவரத்தின் குறுகலான வாய்க்கால்களில் சுரபுன்னை மரங்கள் காற்றைத் தடுப்பது போலவே வானத்தையும் மறைத்துவிடும். மேற்கே மேகம் கட்டியது தலைக்கு மேல் வரும்வரை தெரியாது. அகலமான திறப்பு வரும்போதெல்லாம் நின்று பாருங்கள், பிற்பகலில் உள்ளே ஆழமாகப் போகாதீர்கள். முட்டுக்காட்டில் முகத்துவாரத்தை நெருங்க வேண்டாம். மழைக்குப் பின்னும் நீர் வற்றும் நேரத்திலும் ஓட்டம் கடலுக்கு இழுக்கும்.

முதல் மாதம்

கயாக் இல்லாமலும் ஒரு மாதம் பழகலாம். ஒரு சின்ன நோட்டு வாங்கி, கடற்கரைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஆறு, எட்டு, பத்து மணிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நுரை இருக்கிறதா, மேற்கு வானம் எப்படி இருக்கிறது என்று மூன்றே வரி எழுதுங்கள். பக்கத்தில் செயலி சொன்னதையும் குறித்துவையுங்கள். இருபது நாளில், உங்கள் கடற்கரையில் செயலி எந்த நேரத்தில் தப்புகிறது என்று தெரிந்துவிடும். போன வருடம் ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு என் நோட்டில் இருப்பது இது: "6.00 காற்று இல்லை. 7.40 முதுகில் லேசாக மேற்கு, திரும்பினேன். 8.25 கரையில் நிற்கிறேன், வெளியே எல்லாம் நுரை."